நாலடிக்கு அரை அங்குலம்

இந்த டீயைக் குடித்து முடித்ததும் சொல்லிவிட வேண்டும். பாதி டம்ளர்தான் இருக்கிறது, ஆறிப்போய் மேலே ஆடை கட்டிவிட்டது, இருந்தாலும் குடித்து வைத்துவிட்டுச் சொல்வதுதான் முறை, கையில் டம்ளரோடு எழுந்து நின்றால் இன்னொரு டீ கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். என்ன சொல்வது என்பதில் சிக்கலே இல்லை. சம்பந்தி, மேலே வளையம் சரியாகத்தான் இருக்கிறது, நான் செய்த கும்மட்டம்தான் அரை அங்குலம் பெரிதாகிவிட்டது, தப்பு என்னுடையது. அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் வருகிறது, நாக்குக்குக் கிட்டே வந்ததும் ஒரு வாய் டீ குடிக்க வேண்டியிருக்கிறது. மேலே தச்சன் இருதயராஜ் உளி பிடித்துத் தட்டிக்கொண்டிருக்கிறான். டொக், டொக், கொஞ்சம் நிறுத்தி வாயால் ஊதி, மறுபடி டொக். மண்டபத்தின் ஓட்டுக்கூரை எட்டுப் பக்கமும் சரிந்து மேலே கூடுகிற இடத்தில் தேக்கில் ஒரு எண்கோண வளையம். அதன் உள்விளிம்பில் சுற்றிலும் தாமரை இதழ் செதுக்கி வைத்திருந்தான் அந்த ஆள். யாரும் கேட்கவில்லை, கூலியில் சேர்த்தியும் இல்லை, அவனாகத்தான் செதுக்கினான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கும்மட்டத்தைச் சுற்றி ஒரு பூ விரிந்த மாதிரி தெரியும் என்றான். அந்த இதழ்களைத்தான் இப்போது அவனே வெட்டிக் கீழே போடுகிறான். வெட்டச் சொன்னது என் சம்பந்தி. வெட்ட வைத்தது நான். நான் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், காலை எடுத்துக் கீழே வைத்தாலாவது கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

காலைக் கீழே வைத்துவிட்டேன். மண்டபத்துக்கு மேலே, சாரக்கம்புகளில் கட்டிய செயின் பிளாக்கில் என் கும்மட்டம் தொங்குகிறது. அழகாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, இந்த நேரத்திலும் கண் அங்கேதான் போகிறது. எட்டுச் சின்னத் தூண், தூணுக்குத் தூண் நடுவே காற்றுப் போகச் சாய்வுச் சட்டங்கள், மேலே மணியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கூரை, உச்சியில் லேத்தில் கடைந்த குமிழ். மகள் தாரணி போனில் படம் காட்டி, இதுக்குப் பேர் கியூப்போலாப்பா என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது, நான் வேலை பார்த்த இரும்பு ஃபவுண்டரியில் கியூப்போலா என்றால் இரும்பு உருக்குகிற உலை, அதையா உன் மாமனார் தோட்டத்தில் வைக்கப் போகிறார் என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. காதலித்துக் கட்டிக்கொண்டு போனவள். அவர்கள் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள், நாங்கள் ஆவாரம்பாளையத்தில் லைன் வீட்டுக்காரர்கள். கல்யாணத்துக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அதற்குப் பிறகு நாச்சிமுத்து சம்பந்தி என்னோடு பேசியதெல்லாம் வாங்க, சாப்பிட்டீங்களா, போயிட்டு வாங்க, மூன்றே பேச்சு. அப்படிப்பட்டவர் போன மாதம் தானாகவே போன் போட்டார். “ஏனுங்க சம்பந்தி, தாரணிக்கு வளைகாப்பு தோட்டத்து மண்டபத்துலயே வெச்சுக்கலாம்னு இருக்கறோமுங்க. மேல ஒரு தொப்பி வெக்கோணுமாமா. நீங்க மரவேலையில கெட்டின்னு மருமக சொல்லுச்சு. செஞ்சு குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்.” செஞ்சு குடுத்தீங்கன்னா நல்லாருக்கும். போனை வைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டேயிருந்தேன். என் வீட்டுக்காரி வந்து யாருங்க என்று கேட்டாள், அதற்குள் நான் ஷெட்டைத் திறக்கப் போய்விட்டேன்.

காலையில் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் என் வீட்டுக்காரி, அங்க போயி வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க, பெருமை பேசாதீங்க என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் சொன்னதை நான் கேட்டு நடந்த ஒரே நாள் இதுவாகத்தான் இருக்கும். சங்கிலியை இழுத்து மேலே ஏற்றினார்கள், நாலு பேர் நாலு பக்கம் கயிறு பிடித்தார்கள், நேராக வளையத்துக்கு மேலே கொண்டு வந்து மெல்ல இறக்கினார்கள். இறங்கவில்லை. ஒரு பக்கம் உள்ளே போனால் எதிர்ப்பக்கம் விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. திருப்பிப் பார்த்தார்கள். தட்டிப் பார்த்தார்கள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இதை நம்ப மாட்டார்கள், ஆனால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஒரு விரல் தடிப்பு, அரை அங்குலம். நாலடிக்கு அரை அங்குலம் என்பது எனக்கு என் பெயர் மாதிரி. வேலை பார்த்த காலமெல்லாம் அதைத்தான் சேர்த்துச் சேர்த்துச் செய்துகொண்டிருந்தேன். வார்ப்படத்துக்கு மரத்தில் அச்சு செய்கிறவன் நான், பேட்டர்ன் மேக்கர். அச்சை மண்ணில் பதித்து எடுத்துவிட்டு, அந்தக் குழியில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். ஆறும்போது இரும்பு சுருங்கும், ஒரு அடிக்கு அரைக்கால் அங்குலம். அதனால் அச்சு அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று எங்களுக்கென்றே ஒரு ஸ்கேல், சுருக்க ஸ்கேல். பார்க்கச் சாதா ஸ்கேல் மாதிரியேதான் இருக்கும். கோடு, எண் எல்லாம் அதே. ஆனால் அதில் ஒரு அங்குலம் என்பது உண்மையான அங்குலத்தைவிட ஒரு பொட்டு எச்சு. அதை வைத்து அளந்து செய்தால் சுருங்கப்போவதையும் சேர்த்தே செய்த மாதிரி. ஓட்டை நாலடி என்று சொல்லியிருந்தார்கள், அதை அளக்க என் கை அந்த ஸ்கேலைத்தான் எடுத்திருக்கிறது. வேறு எதை எடுக்கும். ஷெட்டில் விளக்கைப் போட்டால் கை நேராக அதே ஆணிக்குத்தான் போகும், அதில் அதுதான் மாட்டியிருக்கும். சாதா ஸ்கேலும் டேப்பும் டிராயரில் இருந்தன, ஒரு தடவை திறந்திருந்தால் போதும். ஒரு மாதம் ராவினேன், பொருத்தினேன், உப்புத்தாள் போட்டேன், வார்னிஷ் அடித்தேன். எல்லாம் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தின, பொருந்தாமல் என்ன செய்யும், எல்லாமே ஒரே பொய்யில் அளந்தவை. உட்கார்ந்து இதற்குள் எவனாவது இரும்பை ஊற்றுவான் என்று நினைத்தேனா, தேக்குச் சட்டம் ஆறிச் சுருங்கும் என்று நினைத்தேனா. தூத்தெறி.

இவ்வளவும் பரவாயில்லை. தப்பு யாருக்கும் வரும், கைதானே, மனிதன்தானே, சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அடிச்சட்டத்தில் பக்கத்துக்குக் கால் அங்குலம் சீவினால் ஒன்றும் கெட்டுப்போகாது, யார் கண்ணுக்கும் தெரியாது, மத்தியானத்துக்குள் நானே செய்துவிடுவேன். இருதயராஜ்கூட அதைத்தான் சொன்னான், பாவம் பயந்து பயந்து. “ஐயா, வளையம் அளவு சரியாத்தானுங்க இருக்குது, இப்பத்தான் டேப்பு வெச்சுப் பாத்தனுங்க. மேல இருக்கறத எறக்கி ஒருக்கா அளந்து பாத்துட்டா…” அவன் முடிக்கவில்லை. நாச்சிமுத்து சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஏப்பா, எங்க சம்பந்தி மயிரிழை சுத்தமா வேலை செஞ்சவரு, மோட்டாருக்கும் பம்புக்கும் அச்சு செஞ்சவரு. அவரு அளவ நீ அளக்கறயா? எடம் பொருள் இல்லையா உனக்கு?” என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்து, நான் சொன்னது சரிதானே என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார், வாழ்நாளில் முதல் தடவையாக எனக்காக ஒருத்தனை அதட்டிவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்தேனா? உதடு என்னவோ செய்தது. அதோடு விட்டானா இருதயராஜ், என் பக்கம் திரும்பிக் கேட்டான், “ஐயா, உங்க ஸ்கேலு இருந்தா ஒருக்கா குடுங்க, என்ற டேப்புதான் தப்போ என்னமோ, அதுல வெச்சு வளையத்தப் பாத்துக்கறனுங்க.” மரியாதையாகத்தான் கேட்டான். ஸ்கேல் என் காலடியில் பைக்குள் இருந்தது. பையை நான் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டே, “கொண்டாரலையேப்பா” என்றேன். கொண்டாரலையேப்பா. எவ்வளவு சுளுவாக வந்தது வாயில். உண்மையைச் சொல்ல டம்ளர் டம்ளராக டீ குடித்துக்கொண்டிருக்கிற அதே வாய்.

டொக், டொக். ஒரு இதழ் உருண்டு வந்து நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. சின்ன இதழ், நடுவில் நரம்புகூட இழுத்திருக்கிறான், நகத்தால் கீறின மாதிரி. எத்தனை நாள் உட்கார்ந்தானோ. ஒரு கோழி ஓடி வந்து தின்கிற பண்டம் என்று நினைத்துக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. போன வாரம் கும்மட்டம் உட்கார வேண்டிய ஓட்டை எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் வந்தபோது இவன் இதைத்தான் செதுக்கிக்கொண்டிருந்தான். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன், இன்ஸ்பெக்டர் மாதிரி. மருமகன் மிதுன் கூட இருந்தான், அவன் காதில் விழ வேண்டும் என்றுதான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், “பூவெல்லாம் நல்லாத்தான் இருக்குது, அளவு சரியா இருக்கோணும். வீட்டு வேலை செய்யறவங்க சாண் கணக்குல அறுத்துப்போட்டு இடுக்குல பசையும் மரத்தூளும் கொழைச்சு அடைச்சுக்குவீங்க. எங்க வேலையில ஒரு மயிரு நுழையக்கூடாது.” இருதயராஜ் உளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, “சரிங்க” என்றான். அவ்வளவுதான். அந்தச் சரிங்க இப்போது காதுக்குள் நின்று சுற்றுகிறது. அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. கோபப்பட்டானோ, எனக்குத் தெரியாமல் பட்டிருப்பான், ராத்திரி வீட்டில் போய்ச் சொல்லியிருப்பான், கோயமுத்தூரிலிருந்து ஒரு ஆள் வந்தாரு என்று. சொல்லட்டும். ஏன் அப்படிப் பேசினேன்? எனக்கே தெரியும் ஏன் என்று. வாழ்க்கையெல்லாம் நான் செய்ததை யாரும் பார்த்தது கிடையாது. என் மரம் மண்ணுக்குள் போகும், ஒரு குழியைப் பண்ணிவிட்டு வெளியே வரும், தூசியோடு ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும். உலகம் பார்ப்பது இரும்பைத்தான். எந்தத் தோட்டத்திலாவது பம்பு ஓடினால் நின்று பார்த்துவிட்டு வருவேன், இந்த வயிறு நான் செய்த வயிறு என்று, ஆனால் அதை யாரிடம் சொல்ல. முதல் தடவையாக நான் செய்த மரமே, மரமாகவே, வெயிலில் எல்லார் தலைக்கும் மேலே நிற்கப்போகிறது என்றதும் தலைகால் புரியாமல் போய்விட்டது எனக்கு. அந்த மண்வாசம், வெல்லப்பாகு கலந்து பிசைந்த மோல்டிங் மண்ணின் புளித்த வாசம் இப்போது எங்கிருந்தோ வருகிற மாதிரி இருக்கிறது. இல்லை, அது உள்ளே சமையல்கட்டில் என்னவோ காய்ச்சுகிறார்கள். நாளைக்கு வளைகாப்புக்குப் பலகாரம் போலிருக்கிறது.

தாரணி வருகிறாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல நடந்து வருகிறாள், கையில் இன்னொரு டம்ளர். இவளிடம் சொல்லிவிடலாம். மகள்தானே, இவள் காதில் போட்டால் இவள் பக்குவமாக மாமனாரிடம் சொல்லிவிடுவாள். அட கோழை, பெற்ற பிள்ளையின் வாயால் சொல்லவைக்கப் பார்க்கிறாயா. “என்னப்பா முகமெல்லாம் வேர்த்திருக்குது, ஃபேனுக்கு அடியில வந்து உக்காருங்க” என்றாள். இல்ல சாமி, இங்கயே காத்து நல்லாத்தான் வருது என்றேன். “பாவம்ப்பா இருதயம் அண்ணன், அளவத் தப்பாப் பண்ணிட்டாரு. மாமா வேற காலைல இருந்து போன் பண்றவங்ககிட்டயெல்லாம் எங்க சம்பந்தி செஞ்சதுன்னே சொல்லீட்டு இருக்காங்க. அத்தை கூடக் கேட்டாங்க, உங்கப்பா இத்தன வேலை தெரிஞ்சவரா, சொல்லவே இல்லியேன்னு.” அவள் முகத்தில் வெயில் விழுந்திருந்தது. நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள், இந்த வீட்டுக்குள் வந்த பிறகு அவள் முகத்தில் இல்லாத ஒரு நிமிர்வு, அது என்னால் வந்தது, என் அரை அங்குலத்தால் வந்தது. சொன்னால் அது போய்விடும். பார், எவ்வளவு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. எனக்காக இல்லை, மகளுக்காகத்தான் சும்மா இருக்கிறேன். பிள்ளைத்தாச்சிப் பெண் மனசு நோகலாமா. அவள் போகிற வரைக்கும் இந்தக் காரணம் நன்றாக நின்றது. அவள் திரும்பிப் போகும்போது கீழே கிடந்த இதழைக் குனிய முடியாமல் குனிந்து எடுத்து, ஐயோ எவ்வளவு அழகா இருக்குது என்று சொல்லி என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அதோடு காரணமும் போய்விட்டது. டீ சூடாக இருந்தது, நாக்கு வெந்தது, அதற்குக்கூட ஒரு சந்தோஷம்.

சத்தம் நின்றிருக்கிறது. முடித்துவிட்டானா? இல்லை, இறங்குகிறான், உளி மழுங்கியிருக்கும், சாணைக்கல்லில் தீட்ட வருகிறான். தலையெல்லாம் மரத்தூள். ஏணியில் பின்னுக்குத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கித் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி, கல்லில் தண்ணீர் விட்டு உளியை இழுக்கிறான். தீட்டுகிற கை நன்றாக இருக்கிறது, கோணம் மாறாமல் போய் வருகிறது. இப்போது சொல்லலாம், கிட்டத்தில் யாரும் இல்லை, இவனிடம் மட்டும் முதலில் சொல்லலாம். எழுந்தேன். இதழை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்த் தொட்டியில் முகம் கழுவினேன். “எத்தனை பக்கம் ஆச்சு?” என்று கேட்டேன், வேறு கேட்கவே தோன்றாத மாதிரி. “இன்னும் ஒரு பக்கந்தானுங்க பாக்கி” என்றான், நிமிரவில்லை. “உங்க பூ போயிருச்சு” என்றேன். எப்போது நீ போய் நீங்க வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவன் உளியின் வாயை வெயிலில் பிடித்துப் பார்த்தான். “மரம் எங்கயும் போகாதுங்க. பூவு என்னங்க, இன்னொரு எடத்துல செதுக்கிக்கலாம்.” அதற்குள் நாச்சிமுத்து சம்பந்தி வந்துவிட்டார். மணியைப் பார்த்துக்கொண்டே வந்தார். “என்னப்பா இது, ராகு காலம் வந்துரும், அதுக்கு முன்ன உக்கார வெச்சுப்போடோணும். எங்க சம்பந்திய வெயில்ல காய வெச்சுட்டு நீ கல்லுல தேச்சுட்டு இருக்கறே. இத முடிச்சுக் குடுத்துட்டுக் கெளம்பு. புது வீட்டுக் கதவு, ஜன்னல் வேலைக்கெல்லாம் நீ வர வேண்டாம், வேற ஆளு பாத்துக்கறேன். ஒரு ஓட்டைய அளந்து போடத் தெரியலீன்னா கதவ எப்படிப் போடுவே?” இருதயராஜ் எழுந்து நின்றான். வாயைத் திறந்தான். சம்பந்தியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், நாற்காலிக்குக் கீழே என் பையைப் பார்த்தானோ என்னவோ எனக்கு அப்படித் தோன்றியது, வாயை மூடிக்கொண்டான். “சரிங்க” என்றான். அதே சரிங்க. ஏணியில் ஏறிவிட்டான். நான் இதழை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

டொக். கதவு, ஜன்னல் எல்லாம் என்றால் ஒரு வருஷ வேலையாவது இருக்கும். அது அவனுக்குச் சோறு. எனக்கு இது என்ன, ஒரு பொன்னாடை, ஒரு வாங்க சம்பந்தி. ஃபவுண்டரியில் வார்ப்பு கோணிப்போனால் மோல்டரைத்தான் முதலில் பிடித்து உலுக்குவார்கள், மண்ணில் கை வைத்தவன் அவன்தானே, அச்சு செய்தவன் மாடியில் ஃபேனுக்கடியில் இருப்பான், அவனைக் கேட்கக் கடைசியில்தான் வருவார்கள், அதற்குள் மோல்டர் வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கியிருப்பான். இது ஒன்றும் புதுசில்லை, உலகமே அப்படித்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டேன். நிற்கவில்லை. கடைசிப் பக்கம். கடைசிப் பக்கத்தின் இதழ்களாவது மிஞ்சட்டும், ஒரு பக்கம் பூவோடு இருந்தால்கூட அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், இங்கே ஒரு பூ இருந்தது என்று. டீ தீர்ந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தேன், அது சாய்ந்து உருண்டது. நான் எழுந்து நிற்பது எனக்கே தெரிந்தது. மடியிலிருந்த இதழ் விழுந்தது. “சம்பந்தி,” என்றேன், குரல் யாருடையதோ மாதிரி இருந்தது, “நிறுத்தச் சொல்லுங்க. அவரு மேல தப்பில்லீங்க. வளையம் சரிதானுங்க. நாந்தான் பெருசாச் செஞ்சுபோட்டேன். தப்பு என்றதுங்க.” சொல்லிவிட்டேன். காலையிலிருந்து பார்த்துப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை, வேறு என்னவோ வந்தது, ஆனால் சொல்லிவிட்டேன். உளிச் சத்தம் நின்றது. கயிறு பிடித்தவர்கள் திரும்பினார்கள். தாரணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள், மிதுன் போனைக் காதிலிருந்து எடுத்தான். ஒரு நிமிஷம் எனக்குள் அப்படியொரு காற்று வீசியது, அப்பாடா, அடி விழுந்தால் விழட்டும்.

நாச்சிமுத்து சம்பந்தி என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, அதுவரைக்கும் தொடாத மனிதர், என் தோளில் கை போட்டார். கண் கலங்கியிருந்தது அவருக்கு, நிஜமாகவே. “பாத்தியா இருதயம்,” என்று மேலே பார்த்துச் சத்தம் போட்டார், “மனுசன்னா இப்படி இருக்கோணும். நீ பண்ணின தப்ப அவரு தன்ற தலையில போட்டுக்கறாரு, உன்ற பொழப்புப் போயிருமேன்னு.” இல்லீங்க என்றேன். “நீங்க சும்மா இருங்க சம்பந்தி, எனக்குத் தெரியாதா.” இல்லீங்க, நெசமாத்தானுங்க என்று பையைத் திறந்து ஸ்கேலை எடுத்து நீட்டினேன். இது சுருக்க ஸ்கேலுங்க, இதுல ஒரு அடின்னா நெசத்துல ஒரு அடிக்கு மேலங்க, இரும்பு சுருங்கும் பாருங்க, அதுக்காக, இத வெச்சு அளந்துபோட்டேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுருக்க ஸ்கேல் என்று ஓரத்தில் குத்தியிருந்த எழுத்து என் கட்டைவிரல் பட்டுப் பட்டு எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. “ஸ்கேலுன்னா ஸ்கேலுதானுங்க சம்பந்தி, ஒரு அடின்னா ஒரு அடி, அது எப்படி மாறும்” என்று சிரித்தார். மிதுன் சிரித்தான். கயிறு பிடித்தவர்கள் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு, பிரியமான சிரிப்பு. தாரணி மட்டும் சிரிக்காமல் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எங்கப்பா எவ்வளவு நல்லவரு என்று. இவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிற பார்வை காலையிலிருந்து பார்த்ததைவிட இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. “சரி, சம்பந்தியே இத்தன தூரம் எறங்கி வந்து கேக்கறாரு, போனாப் போகுது,” என்றார் நாச்சிமுத்து, “இருதயம், கதவு வேலையும் நீயே பாரு. எறங்கி வந்து சம்பந்திக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போ. அந்த மிச்சத்தையும் வெட்டிப்போட்டியா?”

“முடிஞ்சுதுங்க” என்று பதில் வந்தது, இவர்கள் சிரித்த நேரத்தில் கடைசி இதழும் விழுந்திருந்தது. இருதயராஜ் இறங்கி வந்தார். நேராக சம்பந்தியிடம் போய் அவர் கையிலிருந்த ஸ்கேலை வாங்கினார், இடுப்பிலிருந்து டேப்பை இழுத்து ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். நுனியோடு நுனி சேர்த்துக் கட்டைவிரலை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கடைசிவரை போய் நின்றது. அங்கே எவ்வளவு பாக்கி நிற்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. சம்பந்தி அதற்குள் திரும்பி, சங்கிலிய விடு, மெல்ல விடு என்று கத்தத் தொடங்கிவிட்டார், எல்லார் முகமும் மேலே போய்விட்டது. பார்த்தது இருதயராஜ் ஒருத்தர்தான். இனி அவர் சொல்லலாம், அவர் சொன்னால் நான் ஆமாம் என்று கத்துவேன், சொல்லுங்க, சொல்லுங்க என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் டேப்பை விட்டார், அது சரக்கென்று சுருண்டு உள்ளே போனது. ஸ்கேலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டார். “நெம்ப நன்றிங்க ஐயா” என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு ஸ்கேலை என் கையில் வைக்கும்போது, எனக்கு மட்டும், கோபமே இல்லாத குரலில், “காலையில கேட்டப்பவே குடுத்திருக்கலாமுங்க” என்றார்.

சங்கிலி கிறீச்சிட்டது. கும்மட்டம் ஒரு தடவை லேசாக ஆடி நேராகி, மெல்ல இறங்கி, வளையத்துக்குள் உட்கார்ந்தது. உட்கார்ந்த சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்தான், நன்றாகப் பொருந்துகிற எந்த மரமும் கொடுக்கிற சத்தம். “பாத்தீங்களா,” என்றார் சம்பந்தி என் முதுகைத் தட்டி, “ஒரு மயிரு நுழையாது! என்ற சம்பந்தி வேலை!” எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருதயராஜ் மண்டபத்துக்குள் குந்தி, தரையில் கிடந்த இதழ்களை ஒரு சிமெண்ட் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையில் சிக்கியதை அள்ளினேன். அவர் என் கையைப் பிடித்து, அதிலிருந்ததைச் சாக்கில் உதறினார்.

“உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை,” என்றார். “நீங்க மேல பாருங்க.”

நான் மேலே பார்த்தேன்.